டிரா நிலையில் யானையைச் சும்மா கொடுத்த எஞ்சின்: மறுபடி ஓட்டினால் அந்த நகர்த்தல் வருவதே இல்லை

கேள்வி

நான் பராமரித்து வரும் சிறிய சதுரங்க எஞ்சின் (சதுரங்கம் ஆடும் நிரல்) ஒன்று, எந்தக் காரணமும் தெரியாமல் ஒரு யானையைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று யாராவது வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

நிலை இதுதான். எஞ்சின் ஆடியது கறுப்பு. கறுப்பு ராஜா ஜி7, யானை ஏ2, சிப்பாய்கள் எஃப்7, ஜி6, எச்5. வெள்ளை ராஜா எஃப்3, யானை பி5, சிப்பாய்கள் ஈ4, எஃப்2, ஜி3, எச்4. அடுத்த நகர்த்தல் கறுப்புக்கு.

ஒரே பக்கத்தில் நான்குக்கு மூன்று சிப்பாய் இருக்கும் யானை முடிவாட்டம். கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவுதான். ஆனால் எஃப்7, ஜி6, எச்5 என்று சிப்பாய்கள் நின்றுவிட்டால் டிரா பிடித்துவிடலாம் என்பது முடிவாட்டம் படித்தவர்களுக்குப் பழக்கமான பாடம். யானையைச் சுறுசுறுப்பாக வைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும். எஞ்சின் அப்படிக் காத்திருக்கவில்லை. யானையால் எஃப்2 சிப்பாயை வெட்டி செக் சொன்னது. வெள்ளை ராஜா அந்த யானையை எடுத்துக்கொண்டது. அதற்குப் பின்னால் எந்தத் தந்திரமும் இல்லை.

அந்த நகர்த்தலுக்கான லாக்கின் கடைசி வரிகள் (ஆழம் என்பது எத்தனை நகர்த்தல் முன்னோக்கிப் பார்த்தது என்பது; மதிப்பு சிப்பாய்க் கணக்கில், கழித்தல் என்றால் எஞ்சின் பின்தங்கியிருக்கிறது):

ஆழம் 14, மதிப்பு -0.68, யானை ஏ3 செக், ராஜா ஜி2, யானை ஏ2...
ஆழம் 15, மதிப்பு -0.71, யானை ஏ3 செக், ராஜா ஜி2, யானை ஏ2...
ஆழம் 16, மதிப்பு 0.00, யானை எஃப்2

இதே நிலையைத் தனியாகக் கொடுத்து ஆழம் 30 வரைக்கும் ஓடவிட்டுப் பார்த்தேன். யானை ஏ3 அல்லது வேறு ஏதாவது காத்திருப்பு நகர்த்தல்தான் வருகிறது. எஃப்2 வெட்டை மட்டும் கட்டாயப்படுத்தி மதிப்பிடச் சொன்னால் -5க்குக் கீழே போகிறது. அது மோசமான நகர்த்தல் என்று எஞ்சினுக்கே நன்றாகத் தெரியும் என்றுதானே அர்த்தம்?

மற்ற விவரங்கள்: ஒரே த்ரெட், ஹாஷ் டேபிள் (ஏற்கெனவே தேடிய நிலைகளின் மதிப்பைச் சேமிக்கும் இடம்) 256 எம்பி, முடிவாட்ட டேபிள்பேஸ் (காய்கள் குறைந்த நிலைகளுக்கான தயார் விடைத் தொகுப்பு) எதுவும் இணைக்கவில்லை. 3 நிமிடம், நகர்த்தலுக்கு 2 விநாடி கூடுதல். அந்த நேரத்தில் கடிகாரத்தில் 4 விநாடிக்கும் குறைவு. கணினியின் நினைவகத்தையும் சோதித்துவிட்டேன், குறை ஒன்றும் இல்லை.

பதில் 1

எந்தத் தேடலையும் தொடங்குவதற்கு முன்னால், இது உண்மையிலேயே தவறான நகர்த்தல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். அதற்குக் காரணம் 1977இல் டொராண்டோவில் நடந்த உலகக் கணினிச் சதுரங்கப் போட்டி.

அந்தப் போட்டியில் சோவியத் எஞ்சினான கைஸ்ஸா, அமெரிக்க எஞ்சினான டச்சஸுடன் மோதியது. கைஸ்ஸா சாதாரண எஞ்சின் இல்லை, 1974இல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலகப் போட்டியை வென்றது. வெள்ளை ராணி ஏ8க்கு வந்து செக் வைத்தது. ராஜா ஜி7க்கு நகர்ந்தால் போதும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் நினைத்தார்கள். கைஸ்ஸாவோ 34ஆவது நகர்த்தலில் யானையை ஈ8இல் கொண்டுபோய் நிறுத்தி, அதைச் சும்மா கொடுத்தது. பார்வையாளர்களில் முன்னாள் உலக சாம்பியன் போட்வின்னிக்கும் இருந்தார். நிரலில் ஏதோ கோளாறு என்றுதான் எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

ஆட்டம் முடிந்தபின், ராஜா ஜி7 ஆடியிருந்தால் என்ன ஆகும் என்று கைஸ்ஸாவிடமே கேட்டார்கள். வெள்ளை ராணி எஃப்8இல் தன்னையே பலி கொடுக்கும், ராஜா எடுத்தே ஆக வேண்டும், பிஷப் எச்6 செக், பிறகு யானை சி8இல் இறங்கி மேட் என்று அது காட்டிவிட்டது. சுற்றி நின்றவர்கள் யாரும் பார்க்காததை எஞ்சின் பார்த்திருந்தது. யானையைக் கொடுத்தால் தோல்வி தள்ளிப்போகும், அதனால் கொடுத்தது.

உங்கள் நிலைக்கு வந்தால், யானை ஏ3 ஆடினால் கறுப்புக்கு ஏதாவது மறைவான ஆபத்து இருக்கிறதா என்று நானும் பெரிய எஞ்சினில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனவே இது கைஸ்ஸா கதை அல்ல, நிஜமான தவறுதான். ஆனாலும் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

பதில் 2

எனக்கு முதலில் ஹாஷ் டேபிள் மேல்தான் சந்தேகம் போகிறது. ஒவ்வொரு நிலைக்கும் ஜோப்ரிஸ்ட் முறையில் 64 பிட் எண் ஒன்று உருவாகும். டேபிளில் முழு 64 பிட்டையும் வைக்கிறீர்களா, இடத்தை மிச்சப்படுத்த ஒரு பகுதியை மட்டும் வைக்கிறீர்களா? பகுதி மட்டும் என்றால் வேறு ஏதோ ஒரு நிலையின் மதிப்பு இந்த நிலைக்கு வந்து ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஸ்டாக்ஃபிஷ் என்ற பிரபல எஞ்சின் 16 பிட் மட்டுமே வைத்துச் சமாளிக்கிறது. ஆனால் டேபிளிலிருந்து எடுத்த நகர்த்தல் அந்த நிலையில் செல்லுபடியாகுமா என்று சோதித்துவிட்டுத்தான் அது பயன்படுத்தும். முழு 64 பிட்டையும் வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, 0.00 என்ற மதிப்பு. அதைப் பார்த்ததும் டிரா என்றுதான் தோன்றும். ஆனால் நிலை திரும்ப வந்ததால் டிரா என்பது இங்கே பொருந்தாது, ஏனென்றால் சிப்பாயை வெட்டிய பிறகு பழைய நிலை எதுவும் திரும்பி வர முடியாது. 50 நகர்த்தல் கணக்கும் (வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 நகர்த்தல் போனால் டிரா) அந்த வெட்டோடு பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். ஸ்டேல்மேட்டும் இல்லை, கறுப்பு ராஜாவுக்கு நகர நிறைய இடம் இருக்கிறது.

50 நகர்த்தல் விதியைத் தவிர்க்க எஞ்சின்கள் காய்களைக் கொடுத்த வரலாறு உண்டு. 2008இல் கிராண்ட்மாஸ்டர் நாகமுராவுடன் ஆடிய 271 நகர்த்தல் பிளிட்ஸ் ஆட்டத்தில் ரைப்கா என்ற எஞ்சின் செய்தது அதுதான். மூடிய நிலையில் தான் ஜெயித்துக்கொண்டிருப்பதாக நினைத்து, டிராவைத் தவிர்க்கப்போய்த் தோற்றது. ஆனால் உங்கள் எஞ்சின் -0.7இல் இருந்தது. டிரா கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம்தான். அந்தக் காரணமும் இல்லை.

கேட்டவர்

இரண்டு பேருக்கும் நன்றி. டேபிளில் 32 பிட் வைத்திருந்தேன். 64 ஆக்கிவிட்டு ஓட்டினேன். தனி நிலையாகக் கொடுக்கும்போது முன்பு போலவே யானை ஏ3தான் வருகிறது, ஆகவே இதிலிருந்து எதுவும் சொல்ல முடியவில்லை. தவறு திரும்ப நடந்தால்தானே சரியாகிவிட்டதா என்று பார்க்க முடியும்? அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பதில் 3

நீங்கள் மாட்டிக்கொண்ட இடம் சரியான இடம்தான், அங்கிருந்தே போவோம். எஞ்சின்களை நோண்டுவது எனக்குப் பல காலப் பழக்கம். இந்த மாதிரி விசாரணையில் நான் கண்ட பெரிய தடை ஒன்றுதான்: எல்லோரும் நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் எஞ்சினிடம் மறுபடி கேட்கிறார்கள். தவறு செய்தபோது எஞ்சினிடம் இருந்தது வெறும் நிலை இல்லை. அதுவரை நடந்த நகர்த்தல்கள், முந்தைய தேடல்கள் நிரப்பிவைத்த ஹாஷ் டேபிள், நகர்த்தல் வரிசைக்கான பழைய புள்ளிகள், தீர்ந்துகொண்டிருந்த கடிகாரம் என்று எல்லாம் இருந்தன. ஃபென் சரத்தை (பலகையின் நிலையை மட்டும் குறிக்கும் ஒரு வரி) ஒட்டி அனலைஸ் பண்ணும்போது இவை அத்தனையும் காணாமல் போகின்றன. குற்றம் நடந்த அறையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கைரேகை தேடுவது போல.

இப்போது உங்கள் லாக்கின் கடைசி வரியை மறுபடி பாருங்கள். மூன்று விஷயங்கள் உறுத்துகின்றன.

மதிப்பு சரியாக 0.00. டிராவுக்கான காரணம் எதுவும் இல்லை என்று மேலே நண்பர் அழகாக நிரூபித்துவிட்டார். அப்படியென்றால் இந்தப் பூஜ்ஜியம் மதிப்பீட்டிலிருந்து வந்ததே இல்லை. அது ஒரு வெற்று எண்.

அடுத்தது, வரிசையில் ஒரே ஒரு நகர்த்தல். ஆழம் 15இல் நீளமான தொடர் இருக்கிறது, 16இல் யானை எஃப்2 என்பதோடு நின்றுவிட்டது. ராஜா அதை எடுக்கும் என்பதுகூட இல்லை. எஞ்சின் அந்த நகர்த்தலுக்கு அப்பால் எதையும் முடித்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது, கடிகாரம். 4 விநாடிக்கும் குறைவு என்கிறீர்கள். ஆழம் 16 ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து தேடல் வெட்டுப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றையும் சேர்த்தால் என் ஊகம் இது. நேரம் முடிந்ததும் உங்கள் தேடல் ஃபங்ஷன் ஒரு கொடியை ("நிறுத்து" என்ற குறியை) உயர்த்திவிட்டு, எல்லா மட்டங்களிலிருந்தும் 0 என்று திருப்பி அனுப்பிக்கொண்டே வெளியே வரும். பெரும்பாலான எஞ்சின்கள் செய்வதும் இதுதான், அதில் தப்பில்லை. தப்பு எங்கே என்றால், வேர் மட்டத்தில் (ஆட வேண்டிய நகர்த்தலைத் தேர்ந்தெடுக்கும் மேல் மட்டத்தில்) அந்த 0 உண்மையான மதிப்பா, வெட்டுப்பட்டதால் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. யானை ஏ3 முழுதாகத் தேடப்பட்டு -0.71 என்று முடிந்திருக்கும். அடுத்த நகர்த்தலைத் தொடங்கியபோது நேரம் முடிந்தது. 0 வந்தது. -0.71ஐவிட 0 பெரியது. "ஆகா, இதைவிட நல்ல நகர்த்தல்!" என்று எஞ்சின் அதை எடுத்துக்கொண்டது.

அடுத்த நகர்த்தல் ஏன் எஃப்2 வெட்டாக இருந்தது? பல எஞ்சின்கள் முந்தைய ஆழத்தின் சிறந்த நகர்த்தலை முதலில் பார்க்கும், பிறகு வெட்டுகளைப் பார்க்கும். இந்த நிலையில் கறுப்பால் வெட்டக்கூடிய காய் எஃப்2 சிப்பாய் ஒன்றுதான். ஆகவே அது வரிசையில் இரண்டாவதாக நின்றிருக்கும்.

இது ஏன் இத்தனை அபூர்வமாக நடக்கிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. நேரத்தில் பெரும் பங்கை முதல் நகர்த்தலே தின்றுவிடும். அதற்குள் வெட்டுப்பட்டால் சேதமில்லை, முதல் நகர்த்தலே சிறந்ததாக நிற்கும், பின்னால் வரும் 0 அதைத் தாண்டாது. எஃப்2 மாதிரி வெட்டுக்குத் தண்டனை உடனே தெரிந்துவிடுவதால் சில ஆயிரம் நோடுகளில் (தேடலில் பார்க்கும் நிலைகளில்) அதன் தேடல் முடிந்துவிடும். அந்தக் குறுகிய இடைவெளியில் கடிகாரம் வந்து விழ வேண்டும். அதோடு எஞ்சின் பின்தங்கிய நிலையிலும் இருக்க வேண்டும். முன்னணியில் இருந்தால் 0 என்பது குறைந்த மதிப்பு, அதை யாரும் எடுக்கமாட்டார்கள்.

சோதிக்கும் முறை: கடிகாரத்தை விட்டுவிடுங்கள், நோடு எண்ணிக்கைக்கு மாறுங்கள். ஒரே த்ரெட் என்பதால் உங்கள் எஞ்சின் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் ஓடும். ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து நகர்த்தல்களோடு கொடுங்கள். எஞ்சினுடைய ஒவ்வொரு முந்தைய நகர்த்தலையும் லாக்கில் இருக்கும் அதே நோடு எண்ணிக்கைக்குத் தேடவிடுங்கள், ஹாஷ் அதேபோல நிரம்பும். அப்புறம் இந்த நிலைக்கு வந்ததும், நோடு வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த வரம்பில் எந்த நகர்த்தல் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நோடுக்கு ஒரு முறை நேரத்தைப் பார்க்கிறீர்கள்? 2048 என்றால் அந்த மடங்குகளில் மட்டும் போதும். ஒவ்வொரு வரம்புக்கும் முன்னால் ஹாஷை அதே ஆரம்ப நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

இந்த வகைத் தவறு பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 1997 மே மாதம் நியூயார்க்கில் உலக சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், ஐபிஎம்மின் கணினி டீப் ப்ளூ 44ஆவது நகர்த்தலாக யானையை டி1க்கு நகர்த்தியது. தோற்றுக்கொண்டிருந்த நிலை என்றாலும், அந்த நகர்த்தலில் எந்த அர்த்தமும் இல்லை. அது நிரலில் இருந்த பக் என்று அந்தக் குழுவில் இருந்தவர்களே பிறகு சொன்னார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களால் அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அவர்கள் கையில் லாக் இல்லை. உங்கள் கையில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கேட்டவர்

நேரத்தை 2048 நோடுக்கு ஒரு முறைதான் பார்க்கிறது. நீங்கள் சொன்னபடி ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து திரும்ப ஓட்டி, ஹாஷைக் கோப்பில் சேமித்துவைத்துக்கொண்டு, வரம்பைப் படிப்படியாகக் கூட்டினேன். வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆழம் 16இன் முதல் பகுதி முழுக்க, எங்கே தேடலை நிறுத்தினாலும் யானை ஏ3 செக். பிறகு அடுத்தடுத்த இரண்டு நிறுத்தங்களில் மட்டும் யானை எஃப்2, மதிப்பு 0.00, ஒற்றை நகர்த்தல் வரிசை. ஆட்டத்தில் வந்த அதே வரி! அதற்கடுத்த நிறுத்தத்தில் ராஜா எச்6, மதிப்பு 0.00. அப்புறம் ராஜா எஃப்8, அதுவும் 0.00. இப்படியே வரிசையில் எந்த நகர்த்தல் கையில் இருந்ததோ அதையே எஞ்சின் "சிறந்தது" என்று சொல்லிக்கொண்டு போனது. ஆழம் 16 முழுதாக முடிந்த இடத்தில் யானை ஏ3க்குத் திரும்பிவிட்டது.

ஊகத்தை மறுபக்கத்திலிருந்தும் பார்க்க நினைத்தேன். இதே நிலையில் நிறங்களை மாற்றி, ஒரு சிப்பாய் கூடுதலாக உள்ள பக்கத்தை எஞ்சினுக்குக் கொடுத்து அதே மாதிரி எல்லா வரம்புகளிலும் தேடலை நிறுத்திப் பார்த்தேன். அங்கே 0.00 ஒரு தடவைகூட மேலே வரவில்லை, முந்தைய ஆழத்தின் நகர்த்தல் அப்படியே நிற்கிறது.

கோடைத் திறந்து பார்த்தால் வேர் மட்டத்துச் சுழலில் கொடியைப் பார்க்கும் வரி இருக்கிறது, ஆனால் மதிப்பை ஒப்பிட்டுச் சிறந்த நகர்த்தலை மாற்றிய பிறகு இருக்கிறது. அதை இரண்டு வரி மேலே நகர்த்தினேன். இப்போது எந்த நிறுத்தத்திலும் யானை ஏ3தான்.

எனக்கு இதில் பெரிய பாரமாக இருப்பது யானை போனது இல்லை. ராஜா எச்6, ராஜா எஃப்8 மாதிரியான நகர்த்தல்கள்தான். அவை யார் கண்ணையும் உறுத்தாது. பழைய ஆட்டங்களின் லாக்குகளில் ஒற்றை நகர்த்தலோடு 0.00 என்று முடியும் கடைசி வரிகளைத் தேடினேன். இருக்கின்றன. எல்லாமே எஞ்சின் கொஞ்சம் பின்தங்கியிருந்த ஆட்டங்கள், பலவற்றில் பார்க்கச் சாதாரணமான நகர்த்தல்கள். தற்காப்பு பலவீனம் என்று மதிப்பீட்டுப் பகுதியை நான் திருத்திக்கொண்டிருந்ததெல்லாம் இந்த ஆட்டங்களை வைத்துத்தான்.

பதில் 2

ஹாஷ் மேல் சந்தேகப்பட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வேர் மட்டத்தில் மட்டும் சரிசெய்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். வெட்டுப்பட்டு வெளியே வரும் வழியில் உள்ளே இருக்கும் மட்டங்களும் அந்த 0ஐ ஹாஷ் டேபிளில் எழுதிவிட்டுப் போகின்றனவா என்று பாருங்கள். அப்படி எழுதினால் பொய்யான டிரா மதிப்புகள் டேபிளில் தங்கி, அடுத்த நகர்த்தலுக்கான தேடலில் உண்மை போல வந்து நிற்கும். ஸ்டாக்ஃபிஷ் கோடில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. ஒரு நகர்த்தலின் தேடல் முடிந்ததும், நடுவில் நிறுத்தம் வந்திருந்தால் அந்த மதிப்பை நம்ப முடியாது என்று, சிறந்த நகர்த்தலையும் தொடரையும் டேபிளையும் தொடாமல் உடனே வெளியேறிவிடும்.

பதில் 3

அதே. உள் மட்டங்களிலும் மதிப்பு திரும்பி வந்த அடுத்த வரியிலேயே கொடியைப் பாருங்கள், ஒப்பீட்டுக்கும் டேபிளில் எழுதுவதற்கும் முன்னால். நல் மூவ் தேடல் (தன் முறையை விட்டுக்கொடுத்துப் பார்க்கும் சோதனை) இருக்கிறதா? அங்கே திரும்பி வரும் 0, பீட்டா என்ற மேல் வரம்பைவிடப் பெரிதாக இருந்தால் அப்படியே கட்-ஆஃப் ஆகிவிடும் (அந்தக் கிளையின் தேடல் அங்கேயே நின்றுவிடும்), அந்த இடத்தையும் மறந்துவிடாதீர்கள். வெட்டுகளை மட்டும் பார்க்கும் க்வையசன்ஸ் தேடலும் டேபிளில் எழுதுகிறது என்றால் அதிலும் இதே சோதனை வேண்டும்.

சரிசெய்தபின் பழைய பதிப்போடு மோதவிடும்போது சமமான தொடக்க நிலைகளை மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு பக்கம் அரைச் சிப்பாய் அளவுக்குப் பின்தங்கிய நிலைகளாக எடுங்கள், ஒவ்வொன்றையும் இரண்டு நிறத்திலும் ஆடவிடுங்கள், நேரத்தைக் குறைவாக வையுங்கள். இந்த பக் கடிக்கும் இடம் அதுதான், வித்தியாசம் அங்கேதான் சீக்கிரம் தெரியும். மதிப்பீட்டுப் பகுதியில் நீங்கள் செய்த திருத்தங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துவிட்டு அதே நிலைகளில் மறுபடி சோதியுங்கள். இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்து அவற்றில் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.